‘நாக்கிங்’: ஒரே சொல் போதுமா?

வணக்கம்.

வண்டிப் பழுதுச் சொற்களுக்கு நாம் தொகுத்துவரும் தமிழ்ப் பட்டியலில், இஞ்சின் தட்டும் சத்தமான ‘நாக்கிங்’ என்பதற்கு ‘இடிப்பு’ என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம் என்று பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் ஐயா எழுதியிருந்தார். போக வேண்டாம் என்பது என் கருத்து. பழைய வண்டிகளின் பழுதுச் சொற்களில் நாம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இதுதான். நாக்கிங் என்ற பெயரில் பட்டறைகளில் வெவ்வேறு சத்தங்கள் உலவுகின்றன. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, வைத்தியம் வேறு, செலவும் வேறு. ஆங்கிலத்தில் முன்னால் ஓர் அடைமொழி சேர்த்துப் பிரித்துக்கொள்கிறார்கள். நம் பட்டறைக்கு வந்து சேர்ந்தபோது அடைமொழி உதிர்ந்துபோய் ‘நாக்கிங்’ மட்டும் மிஞ்சிவிட்டது.

அதனால் வரும் கேட்டை நேரில் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். பெருந்துறையில் எங்கள் மாமா வீட்டில் ஒரு பெட்ரோல் அம்பாசிடர் இருந்தது. 1489 சிசி, நான்கு சிலிண்டர். அதில் ஒரு சத்தம் கிளம்பியது. காலையில் வண்டியை எடுக்கும்போது அவ்வளவாகத் தெரியாது. ஈரோடு போய்ச் சேர்வதற்குள் இஞ்சின் சூடேறியதும் ‘டொக் டொக்’ என்று அடிவயிற்றிலிருந்து வரும். எக்ஸ்லேட்டரை மிதித்தால் கூடும். சிக்னலில் நிற்கும்போது ஆயில் விளக்கு சிவப்பாக மினுக்கும். முதலில் காட்டிய பட்டறையில் “நாக்கிங் அடிக்குதுங்க” என்றார்கள். பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி டைமிங்கை, அதாவது பொறி கிளம்பும் நேரத்தை, பின்னுக்கு வைத்தார்கள், வேறு பெட்ரோல் பங்க்கில் போடச் சொன்னார்கள். வண்டியின் இழுவை குறைந்தது. சத்தம் அப்படியே இருந்தது. ‘நாக்கிங்தானே, பெட்ரோல் சரியில்லை’ என்ற எண்ணத்திலேயே மாமாவும் ஓட்டிக்கொண்டிருந்தார்.

அப்புறம் காங்கேயத்தில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனோம். அவர் எதையும் கழற்றவில்லை. இஞ்சினைச் சூடாக்கி, ஐட்லிங்கைக் கொஞ்சம் ஏற்றி வைத்தார். நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை இஞ்சின் பிளாக்கில் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக்கொண்டு, மேலிருந்து கீழாக ஒவ்வோர் இடமாக நகர்த்தினார். மேலே, வால்வுகளை இயக்கும் டேப்பெட் பக்கம் ‘டிக் டிக்’ என்று லேசான சத்தம். அதை விட்டுவிட்டார். கீழே, ஆயில் தேங்கும் அடித்தொட்டியான சம்ப்புக்குச் சற்று மேலே வந்ததும் கை நின்றது. பிறகு காய்ந்த துணியைக் கையில் சுற்றிக்கொண்டு பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்டினார். முதல் சிலிண்டரில் மாற்றம் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது ஒயரைப் பிடுங்கியதும் ‘டொக்’ சட்டென்று மந்தமானது. மாட்டியதும் திரும்ப வந்தது. “மூணாவது பிக் எண்டு போச்சுங்க. சம்ப்பை இறக்கிப் பாத்தரலாம்” என்றார். பிஸ்டனைக் கிராங்க் என்ற சுழல்தண்டோடு இணைக்கும் தண்டின் கீழ்முனைதான் பிக் எண்டு.

இறக்கினால், மூன்றாவது இணைப்புத் தண்டின் ஷெல் பேரிங் என்ற தாங்கியில் வெள்ளை உலோகப் பூச்சு தேய்ந்து செம்பு நிறம் பளிச்சென்று தெரிந்தது. கிராங்கிலும் கோடு விழுந்திருந்தது. ஆரம்பத்திலேயே கண்டிருந்தால் ஷெல்லை மாற்றியதோடு போயிருக்கும். கிராங்கைத் தேய்த்துச் சமன் செய்யும் கிரைண்டிங் வரைக்கும் இழுத்தது.

முதல் பட்டறைக்காரர்கள் காது கேளாதவர்கள் இல்லை. அவர்களிடம் இருந்தது ஒரு சொல். அந்தச் சொல்லுக்கு அவர்கள் படித்த வைத்தியம் டைமிங். அதைச் செய்தார்கள். நாளைக்கு ஐடிஐ படிக்கும் பையனிடம் ‘இடிப்பு’ என்ற ஒற்றைச் சொல்லைக் கொடுத்தால் அவனும் அதையே செய்வான், தமிழில்.

டைமிங்கால் தீரும் நாக்கிங் எது என்று பார்ப்போம். பிளக் பொறி கிளப்பியதும் தீ ஒரு பக்கத்திலிருந்து பரவிக்கொண்டு போக வேண்டும். அது போய்ச் சேர்வதற்குள், எதிர் மூலையில் எரியாமல் நெருக்குண்டு கிடக்கும் கலவை அழுத்தத்தாலும் சூட்டாலும் தானாகவே பற்றிக்கொண்டால் அழுத்த அலைகள் கிளம்பிச் சிலிண்டர் சுவரில் மோதும். அதுதான் சத்தம். சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் ஏறும் 27 கொண்டை ஊசி வளைவுகளில், கியரை இறக்காமல் எக்ஸ்லேட்டரை மிதித்தால் பழைய பெட்ரோல் கார்களில் கேட்கலாம். தகர டப்பாவில் சில்லறையைக் குலுக்கியது போல இருக்கும். கியரை இறக்கினால் போய்விடும். ஆக்டேன் (தானே பற்றிக்கொள்ளாமல் தாங்கும் திறன்) குறைந்த பெட்ரோல், முன்னால் தள்ளிய டைமிங், எரியறையில் படிந்த கரி, ரேடியேட்டர் அடைப்பால் ஏறிய சூடு எல்லாம் இதற்குக் காரணமாகும். அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி 1921இல் பெட்ரோலில் காரீயச் சேர்மத்தைக் கலந்து அடக்கியது இந்தச் சத்தத்தைத்தான். அந்தக் காரீயம் 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான் இந்தியப் பெட்ரோலை விட்டு முழுதாகப் போனது. ஒரு சத்தத்தை அடக்க எத்தனை வருடம் விஷத்தை மூச்சில் இழுத்திருக்கிறோம் என்று நினைத்தால் மனம் பதறுகிறது.

இங்கே இரும்பும் இரும்பும் மோதவில்லை என்பதைக் கவனியுங்கள். எரிதலே அதிர்கிறது. ஆகவே இதற்கு ‘எரியதிர்வு’ என்று முன்மொழிகிறேன். இதிலிருந்து கிளைச்சொற்களும் தடையில்லாமல் வருகின்றன. புதிய கார்களில் டைமிங்கைத் தானே திருத்த உதவும் நாக் சென்சார் ‘எரியதிர்வு உணரி’. பெட்ரோலில் சேர்க்கும் மருந்து ‘எரியதிர்வுத் தடுப்பி’.

மாமாவின் அம்பாசிடரில் கேட்டதற்குப் ‘பெருமுனை முட்டல்’. அங்கே உலோகம் உலோகத்தில் முட்டுகிறது, எந்த இடத்தில் என்பதும் பெயரிலேயே இருக்கிறது. பட்டறையில் ‘பிக் எண்டு அடிக்குது’ என்பார்கள். ‘பெருமுனை அடி’ என்று வைத்தால் முனையின் அடிப்பகுதி என்று படிக்க இடமிருக்கிறது. அதனால் முட்டல்.

பிஸ்டன் ஆட்டம் கண்டு, குளிர்ந்த இஞ்சினில் மட்டும் கேட்டு, சூடேறிப் பிஸ்டன் விரிந்ததும் அடங்குவதற்குப் ‘பிஸ்டன் தட்டல்’ போதும். ஆங்கிலத்தில் ‘பிஸ்டன் ஸ்லாப்’ என்பதால் அறைதல் என்ற வினை பொருந்தும்தான். ஆனால் ‘பிஸ்டன் அறை’ என்றால் சிலிண்டரையே சொல்வதாக நினைப்பார்கள். டேப்பெட் சத்தத்துக்கு, வால்வைத் தடுக்கிதழ் என்று கொண்டு ‘தடுக்கிதழ்த் தட்டல்’ என்று போன வாரம் வந்த யோசனை எனக்குப் பிடிக்கவில்லை, வேறு சொல் என்னிடமும் இல்லை.

மறுமொழி – நாமக்கல்லிலிருந்து

வணக்கமுங்க. அண்ணன் எழுதியதைப் படித்தேன். நாங்கள் லாரிக்காரர்கள், டீசலை வைத்துப் பேசுகிறோம். பெட்ரோலில் எரியதிர்வு என்றால் கோளாறு. டீசலில் அப்படி இல்லைங்க, நல்ல இஞ்சினே விடியற்காலையில் கடகடவென்றுதான் அடிக்கும். நாசில் தூவிய டீசல் அந்தக் கணமே பற்றாது. பற்றுவதற்குள் இன்னும் கொஞ்சம் டீசல் சேர்ந்து, எல்லாம் ஒன்றாகப் பற்றும்போது அழுத்தம் குபீரென்று ஏறும். சூடேறினால் அந்தத் தாமதம் குறையும், சத்தமும் குறையும். ஆகவே சொல் விளக்கத்தில் ‘பழுது’ என்று எழுதிவிடாதீர்கள். எழுதினால் ஓடுகிற லாரியை எல்லாம் பிரித்துப் போடுவார்கள்.

இன்னொன்று. பிளக் ஒயர் பிடுங்குவது போல நாங்கள் நாசில் பைப் நட்டைத் தளர்த்திப் பார்ப்போம். சத்தம் அடங்கியதுமே பெருமுனை என்று சொல்லிவிட முடியாது. நாசில் ஒழுகினாலும் அந்தச் சிலிண்டர் அப்படித்தான் அடிக்கும். அந்த நாசிலை வேறு சிலிண்டருக்கு மாற்றிப் போட வேண்டும். சத்தம் கூடவே போனால் நாசில். அங்கேயே நின்றால்தான் உள்ளே.

‘எரியதிர்வு’ டிரைவர் வாயில் நுழையுமா என்று யோசிக்கிறேன். ‘எரிதட்டு’ என்றால் சுளுவாக இருக்குமே? டேப்பெட்டை டேப்பெட் என்றே விட்டுவிடுங்கள். சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு வரைக்கும் அதற்கு வேறு பெயர் கிடையாதுங்க.

பதில் – பெருந்துறையிலிருந்து

தம்பி, நாசிலை இடம் மாற்றிப் பார்க்கும் முறை அருமை. விளக்கத்தில் அப்படியே சேர்க்க வேண்டும். ‘எரிதட்டு’ எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் கிளச் பிளேட்டைக் கிளச் தட்டு என்றுதான் ஏற்கெனவே பட்டியலில் போட்டிருக்கிறோம். பக்கத்திலேயே ‘எரிதட்டு’ வந்தால் கருகிப்போன கிளச் தட்டைச் சொல்வதாக நினைத்துக்கொள்வார்கள். எரியதிர்வே இருக்கட்டும். டேப்பெட் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான்: ‘டேப்பெட் தட்டல்’.

‘பழுது’ என்ற சொல்லை எடுத்துவிட்டு இப்படி எழுதிப் பார்த்தேன்:

எரியதிர்வு: சிலிண்டருக்குள் எரிபொருள் திடீரென மொத்தமாகத் தானே பற்றுவதால் எழும் அதிர்வும் சத்தமும். பெட்ரோல் இஞ்சினில் சுமை ஏறும்போது கேட்கும், தவிர்க்க வேண்டியது. டீசல் இஞ்சினில் குளிரில் ஓரளவு இயல்பு.

பெருமுனை முட்டல்: இணைப்புத் தண்டின் கீழ்முனைத் தாங்கி தேய்ந்து கிராங்கில் முட்டும் கனத்த சத்தம். இஞ்சின் சூடேறி ஆயில் இளகியபின் கூடும், ஆயில் அழுத்தம் குறைந்திருக்கும். அந்தச் சிலிண்டரின் எரிதலை நிறுத்தினால் மந்தமாகும். டீசலில் நாசிலை இடம் மாற்றிப் பார்த்தபின் உறுதி செய்க. உறுதியானால் வண்டியை ஓட்டக் கூடாது.

கடைசி வாக்கியம் சொல் விளக்கத்தில் வரலாமா என்று ஐயா கேட்கக்கூடும். வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பிஸ்டன் தட்டலுக்கும் டேப்பெட் தட்டலுக்கும் விளக்கம் எழுத யாராவது முன்வந்தால் நல்லது. டேப்பெட் சத்தம் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு முறைதான் வரும், பிளக் ஒயரைப் பிடுங்கினாலும் மாறாது என்பதை அதில் விடாமல் சேர்க்கவும்.