ஓட்டை விழுந்த பட்டுக்கூட்டையும் ஆட்டு மயிரையும் கையால் நூற்க முடியுமா? நூல் அறுந்து அறுந்து விழுகிறது

ராயக்கோட்டைக்காரி:

வணக்கம். பெரியம்மா வீட்டில் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். இந்த முறை கல்யாண வேலையில் ஒரு பகுதிக் கூட்டைச் சந்தைக்குக் கொண்டுபோகத் தவறிவிட்டோம். வந்து பார்த்தால் புழு அந்துப்பூச்சியாகிக் கூட்டைத் துளைத்து வெளியே வந்து தட்டு முழுக்கக் கிடக்கிறது. ஓட்டை விழுந்த கூட்டில் தொடர்ந்து நூல் எடுக்க முடியாது, கழிவு விலைக்குத்தான் போகும். எடை அரைக் கிலோகூட இல்லை, ஆனால் ஒரு சாக்கு நிறைய இருக்கிறது. தூக்கிப் போட மனசு வரவில்லை.

ஒரு வீடியோவைப் பார்த்து நானே தக்ளி (கையால் சுழற்றி நூல் நூற்கும் குச்சி) செய்தேன். இரண்டு பழைய சிடியை ஒட்டி, நடுவில் குழாய் வாஷரைத் திணித்து, ஒரு அடி மூங்கில் குச்சியைச் செருகினேன். நுனியில் குடைக்கம்பி வளைத்த கொக்கி. நன்றாகத்தான் சுற்றுகிறது. கூட்டை வெறும் தண்ணீரில் ஒரு மணி நேரம் கொதிக்கவைத்தேன். இழுத்தால் அப்பளத் துண்டு மாதிரி பிய்ந்து வருகிறது. எப்படியோ ஒரு முழம் நூலானால், உடனே அறுந்து சிடி தரையில் விழுகிறது. கீழ் வீட்டுக்காரர் இரண்டு முறை மேலே வந்து பார்த்துவிட்டார்.

வயலில் கிடை போட வந்தவர்களிடம் வாங்கிய கறுப்புச் செம்மறி ஆட்டு மயிரும் ஒரு பை இருக்கிறது. அது அறுவதில்லை, ஆனால் ஒரு இடம் கயிறு, ஒரு இடம் சேமியா. தப்பு கருவியிலா, கையிலா? இரண்டையும் கலந்து நூற்கலாமா?

பழைய தக்ளி:

கருவி மேல் பாதிப் பழிதான் போடலாம் அம்மா. மீதிப் பாதி பசை.

நான் ஆதாரப் பள்ளியில் (காந்தி சொன்ன கைத்தொழில் கல்விப் பள்ளி) படித்தவன். தினமும் ஒரு பாடவேளை பருத்தி நூற்போம். அந்தப் பழக்கத்தோடு பல வருஷம் கழித்துப் பட்டைக் கையில் எடுத்தேன், உங்களைப் போலவே முழித்தேன்.

பட்டுக்கூட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு பசை. வெறும் தண்ணீரில் அது இளகுமே தவிர முழுசாகப் போகாது. 100 கிராம் கூட்டுக்கு மூன்று நான்கு லிட்டர் தண்ணீர், துருவிய பார் சோப்பு ஒரு கைப்பிடி, சலவை சோடா ஒரு மேசைக்கரண்டி (சமையல் சோடா இல்லை). கூட்டைப் பழைய வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டிப் போட்டு, தளதளவென்று கொதிக்காமல் ஒரு மணி நேரம் சிறு தீயில் வையுங்கள். தண்ணீர் மஞ்சளாகும், நாற்றம் வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். எடுத்துப் பிழிந்தால் கூடு நனைந்த பஞ்சு போல் துவண்டு கிடக்க வேண்டும். இன்னும் வழவழவென்று இருந்தால் புதுத் தண்ணீரில் இன்னொரு முறை. சோடாவை மட்டும் கூட்டாதீர்கள், காரம் ஏறினால் பட்டு நொறுங்கும். உள்ளே இருக்கும் புழுத் தோலை ஈரத்திலேயே பொறுக்கிவிடுங்கள்.

அடுத்தது கை. பருத்தி இழை ஓர் அங்குலம்தான் இருக்கும், அதனால் இரண்டு கையும் நெருங்கி இருக்கும். பட்டு இழை அதைவிடப் பல மடங்கு நீளம். கைகளை நெருக்கி வைத்தால் ஒரே இழையின் இரண்டு முனையையும் நீங்களே பிடித்துக்கொண்டு இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். எப்படி வரும்? ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள்.

இப்போது கருவி. ஒரு சிடி சுமார் 15 கிராம். இரண்டும் குச்சியும் சேர்ந்து 40-ஐத் தாண்டியிருக்கும். கம்பளிக்கு அது சரி, மெல்லிய பட்டு தாங்காது. ஒன்றைக் கழற்றுங்கள். அதைவிட நல்லது, தொங்கவே விடாதீர்கள். குச்சியின் அடியைக் கூராகச் சீவி, ஒரு கொட்டாங்குச்சிக்குள் நிறுத்திச் சுழற்றுங்கள். எடையைத் தரை தாங்கும், நூல் முறுக்கை மட்டும் வாங்கினால் போதும். கீழ் வீட்டுக்காரரும் தூங்குவார்.

சிடியைப் பார்த்து யாராவது சிரித்தால் கீழடிக்கு அனுப்புங்கள். அங்கே எடுத்த சுடுமண் தக்களியும் நடுவில் ஓட்டை போட்ட வட்டுதான்.

குன்னூர்க் குளிர்:

ஐயா பட்டைச் சொல்லிவிட்டார், நான் ஆட்டுக்கு வருகிறேன்.

தங்கச்சி, உங்கள் கறுப்பு மயிர் அநேகமாகத் திருச்சி கறுப்பு ஆட்டினுடையது. முரட்டு ரகம், கம்பளம் கம்பளிக்குத்தான் ஆகும். ஸ்வெட்டர் பின்னினால் கழுத்து அரிக்கும். மெல்லிய மயிர் வேண்டுமானால் எங்கள் நீலகிரி ஆடு, ஆனால் அந்த இனமே குறைந்துவிட்டது. ஊட்டி பக்கம் சாண்டிநல்லா செம்மறி ஆட்டு ஆராய்ச்சி நிலையத்தில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள்.

கயிறும் சேமியாவும் வருவதற்குக் காரணம், நீங்கள் மயிரைச் சரியாகச் சீவவில்லை. கழுவினீர்களா? கை பொறுக்காத சூட்டில் தண்ணீர், கொஞ்சம் ஷாம்பு, மயிரை அமுக்கிவிட்டுக் கால் மணி நேரம் தொடாமல் இருக்க வேண்டும். கசக்கக் கூடாது, குழாயைத் திறந்து மேலே விடக் கூடாது, சூட்டிலிருந்து பச்சைத் தண்ணீருக்கு மாற்றக் கூடாது. நான் இந்த மூன்றையும் ஒரே நாளில் செய்தேன். ஒரு முழு ஆட்டு மயிரும் கட்டிப் பாய் போல் ஆகிவிட்டது. இன்றுவரை பூனை அதில்தான் படுக்கிறது.

காய்ந்த பிறகு, நாய்க்குச் சீவுகிற கம்பி பிரஷ் இரண்டு வாங்கி எதிரெதிராகச் சீவுங்கள். மேகம் மாதிரி வந்ததும் பென்சிலில் சுருட்டித் திரியாக்கி நூற்கவும்.

கலக்கலாம், ஆனால் பட்டை அப்படியே போட்டால் பிரஷில் சிக்கும். இரண்டு மூன்று அங்குலமாக வெட்டி, மூன்று பங்கு கம்பளிக்கு ஒரு பங்கு பட்டு வைத்துச் சேர்த்துச் சீவுங்கள். வெட்டாமல் தனியாக வைக்கும் பட்டைச் சீவவே வேண்டாம். பலகையில் சதுரமாக நாலு ஆணி அடித்து, ஈரக் கூட்டை விரித்து மூலைக்கு மூலை மாட்டுங்கள். அதன் மேல் அடுத்தது, அடுத்தது என்று பத்துக் கூடு. காய்ந்ததும் கழற்றி, நடுவில் விரலால் ஓட்டை போட்டு வளையமாக இழுத்தால் நூற்கத் தயார்.

ராயக்கோட்டைக்காரி:

பத்து நாள் ஆயிற்று, வந்து சொல்லாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். ஐயா, சோப்பு வேலை செய்தது! 100 கிராம் போட்டேன், காய்ந்து எடுத்தால் 70 தான். யாரோ எடுத்துவிட்டார்கள் என்று தம்பியைத் திட்டிவிட்டேன், அப்புறம்தான் பசையும் தோலும் போனது நினைவுக்கு வந்தது. ஆணிப் பலகை அருமை அக்கா. கொட்டாங்குச்சியில் நேற்று அறாமல் பத்து முழம் வந்தது. ஒரே தொல்லை, என் கை சொரசொரப்பு. பட்டு விரலில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது.

குன்னூர்க் குளிர்:

சர்க்கரையும் தேங்காய் எண்ணெயும் கலந்து உள்ளங்கையில் தேய்த்துச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உட்காருங்கள். பாத்திரம் தேய்த்த கையோடு பட்டைத் தொடாதீர்கள்.

பழைய தக்ளி:

பத்து முழமா! நூலைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். தன்னாலே முறுக்கிக்கொண்டால் முறுக்கு போதும், துவண்டு தொங்கினால் இன்னும் சுற்ற வேண்டும். பிறகு இரண்டு நூலைச் சேர்த்து, நூற்ற திசைக்கு எதிர்ப்பக்கமாகச் சுழற்றி இரட்டைப்புரி போடுங்கள். ஒற்றைப்புரியில் ஊசி வேலை செய்ய இப்போதே இறங்க வேண்டாம்.