காவடி வீடியோ யார் எடுப்பது? (மொரீஷியஸ் வீட்டுக் குழு)

தேவி அத்தை: டிவியில் தமிழ் நிகழ்ச்சி செய்கிறவர் நம் கோவில் கமிட்டிக்குப் போன் பண்ணினார். தைப்பூசத்தன்று அவர்கள் ஆட்கள் எல்லாம் கத்ர் போர்ன் மலைக் கோவிலுக்குப் போகிறார்களாம். நம் கோவிலுக்கு ஆள் இல்லை. நாமே எடுத்துக் கொடுத்தால் 5 நிமிஷம் போடுவார்களாம். ஆனால் ஒளிபரப்புத் தரத்தில் இருக்க வேண்டுமாம். அருண், உன் கேமரா சரிப்படுமா?

அருண்: எந்தத் தரம் அத்தை

அருண்: பேப்பர் ஏதாவது கொடுத்தார்களா

தேவி அத்தை: இல்லை. வாயால் சொன்னதுதான்.

ராணி பெரியம்மா: முருகா 🙏

சரளா அக்கா: ஏழு கறிச் சாப்பாட்டுக்கு எத்தனை இலை என்று இன்னும் யாரும் சொல்லவில்லை

கோபால் மாமா: இதைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன்.

சிவா ரியூனியன்: ஆரம்பமாகிவிட்டது

கோபால் மாமா: விலையைப் பார்த்து யாரும் தரம் சொல்வதில்லை. 1995-இல் சோனி விஎக்ஸ்1000 வந்தது. மூன்று சிசிடி சென்சார், மினி டிவி (டிஜிட்டல் வீடியோ) கேசட். வீட்டுத் திரையில் படம் கண்ணாடி மாதிரி இருக்கும். அப்போது பெரிய ஸ்டுடியோக்களில் டிஜிட்டல் பீட்டாகேம் டேப். அது 10 பிட், அதாவது சாயல்கள் அதிகம், நிறத்தில் பாதியை வைத்துக்கொள்ளும். நம் மினி டிவி 8 பிட், நொடிக்கு 25 மெகாபிட், நிறத்தில் கால்வாசிதான் பதியும். காவடிக்காரர்கள் கட்டும் ரோஸ் வேட்டியை எடுத்து, எடிட் பண்ணி, மறுபடி சுருக்கிப் பாருங்கள், ஓரமெல்லாம் பிசிறடிக்கும். செய்திக்கு அதை வாங்கிக்கொண்டார்கள், நாடகத்துக்கு வேண்டாம் என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை.

பத்மா சித்தி: அண்ணா, அந்தக் கேமராவில்தானே என் கல்யாணத்தை எடுத்தீர்கள்

பத்மா சித்தி: தாலி கட்டும்போது பாட்டரி போனது

கோபால் மாமா: பாட்டரி போகவில்லை. உன் கொழுந்தன் லைட் வயரை மிதித்தான்.

பத்மா சித்தி: அவர் அன்று மண்டபத்துக்கே லேட்டாகத்தான் வந்தார்

ராணி பெரியம்மா: பழைய கதை இப்போது எதற்கு

அருண்: மாமா, என் கேமரா உள்ளேயே 10 பிட், 4:2:2 (நிறத்தில் பாதி) பதியும். செகண்ட் ஹேண்டில் வாங்கியது

கோபால் மாமா: அதற்குத்தான் வருகிறேன். 2010-இல் கேனன் எக்ஸ்எஃப்305 வந்தது. சென்சார் மூன்றில் ஒரு அங்குலம்தான். ஆனால் 50 மெகாபிட், 4:2:2. பிபிசி எச்டிக்கு ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்பே வந்த சோனி இஎக்ஸ்1-இல் சென்சார் அரை அங்குலம், படம் நன்றாகவே இருக்கும். கார்டில் பதிவது 35 மெகாபிட், 4:2:0, அதாவது நிறத்தில் கால்வாசி. அதனால் வெளியே தனி ரெக்கார்டர் மாட்டிக்கொண்டு அலைந்தார்கள். பார்த்தீர்களா? லென்ஸும் சென்சாரும் எவ்வளவு நன்றாக இருந்தாலும், பதிவதில் கஞ்சத்தனம் பண்ணினால் போச்சு. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் ஆர்118 என்ற பரிந்துரை கேமராக்களைத் தட்டுத் தட்டாகப் பிரிப்பதும் இதை எல்லாம் பார்த்துத்தான். 2019-இல் பானசோனிக் எஸ்1எச், பார்வைக்குப் போட்டோ கேமரா, அதை நெட்ஃபிளிக்ஸே தான் ஏற்கும் கேமராக்களின் பட்டியலில் சேர்த்தது.

சிவா ரியூனியன்: அருண் கேமரா போதும். ஒரே வரி.

கோபால் மாமா: போதும் என்று நான் சொன்னேனா?

தேவி அத்தை: பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு டைப் அடிக்கிறார். டீ ஆறிப்போச்சு.

பத்மா சித்தி: (ஃபார்வர்டு செய்யப்பட்டது) சைக்ளோன் எச்சரிக்கை கிளாஸ் 2!! எல்லாரும் தண்ணீர் பிடித்து வையுங்கள்

ராணி பெரியம்மா: ஐயோ. காவடி நடக்குமா?

சரளா அக்கா: சித்தி, அது போன வருஷத்துப் படம். தேதியைப் பாருங்கள்

பத்மா சித்தி: ஆமாம். ஆனாலும் வானம் கறுத்துத்தான் இருக்கிறது

ராணி பெரியம்மா: நம் வாக்வா ஊரில் எப்போதும் அப்படித்தான்

கோபால் மாமா: அருண், கவனி. நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் நொடியில் 50-இல் ஒன்று. நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். 60-இல் ஒன்று வைத்தால் மண்டபத்து ட்யூப்லைட் மினுமினுக்கும், அதை எடிட்டில் சரிசெய்வது பெரும் பாடு. போனில் எடுத்ததை நடுவில் சேர்க்காதே. போன் தன் இஷ்டத்துக்கு ஃப்ரேமைக் கூட்டிக் குறைக்கும், சத்தம் ஒரு பக்கம் வாய் ஒரு பக்கம் போகும். எல்லாவற்றையும் விட ஆடியோ. ஆட்டோவில் விட்டால் தவில் அடிக்கும்போது நாதஸ்வரம் அமுங்கிப்போகும், தவில் நின்றதும் பின்னால் இருக்கிறவர்கள் பேசுகிற ஊர்க்கதை மேலே வரும். லெவலைக் கையால் வை, தனி மைக் போடு. முடித்துக் கொடுக்கும்போது சத்தத்தின் சராசரி அளவு மைனஸ் 23 லஃப்ஸ், அது அதே ஒன்றியத்தின் ஆர்128. சேனல்கள் திருப்பி அனுப்புவது பாதி நேரம் படத்துக்காக இல்லை, சத்தத்துக்காக.

சிவா ரியூனியன்: இங்கே ரியூனியன் தீவில் சாந்தாந்த்ரே கோவிலில் எல்லாரும் போனில்தான் எடுக்கிறார்கள், நன்றாகத்தான் இருக்கிறது

கோபால் மாமா: உன் போனில் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும்.

அருண்: மாமா ஒரு விஷயம்

அருண்: இந்த வருஷம் நான் காவடி எடுக்கிறேன். கொடியேற்றத்திலிருந்து விரதம். அம்மா சொல்லவில்லையா

தேவி அத்தை: அப்படியானால் யார் எடுப்பது??

ராணி பெரியம்மா: காவடி எடுக்கிறாயா! நல்லா இருடா கண்ணா

கோபால் மாமா: கேமராவைக் கொடு, நான் பார்த்துக்கொள்கிறேன்.

*பத்மா சித்தி இந்தச் செய்தியை நீக்கினார்*

சிவா ரியூனியன்: சித்தி, நான் படித்துவிட்டேன் 😂

அருண்: மாமா, 3 பாட்டரி தருகிறேன். ஆனால் காவடியோடு நடக்க வேண்டும், உங்கள் முழங்கால்?

கோபால் மாமா: முழங்காலுக்கு என்ன.

தேவி அத்தை: நேற்று மாடிப்படி ஏறவே அரை மணி நேரம்.

சரளா அக்கா: என் பையன் நடந்து எடுக்கட்டும். மாமா மண்டபத்தில் மைக்கோடு உட்காரட்டும்

கோபால் மாமா: அவனுக்கு ஒயிட் பேலன்ஸ் தெரியுமா?

சரளா அக்கா: நீங்கள் சொல்லிக் கொடுங்கள்

கோபால் மாமா: சனிக்கிழமை வரச் சொல். கார்டை மட்டும் கழற்றாதே என்று சொல். மாதிரி எடுத்ததை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், சுருக்கிக் கெடுத்துவிடும். பென் டிரைவில் கொண்டு வரட்டும்.

தேவி அத்தை: நான் நாளைக்கு டிவிக்காரரிடம் எதில் கொடுப்பது என்று கேட்கிறேன். கமிட்டியும் சரி சொல்ல வேண்டும்.

ராணி பெரியம்மா: பூசணி நறுக்க யார் வருகிறீர்கள்?