பத்தாம் இடம் எண்டு எழுதலாமோ?

குழு: எங்கட வீட்டாக்கள்

யாழினி: எல்லாருக்கும் வணக்கம். "கொவிட் காலத்தில் இலங்கை அரசாங்கத்தின் நடவடிக்கை: ஒரு மதிப்பீடு" எண்டு ஒப்படை. 3,000 சொல். அவுஸ்திரேலிய ஆய்வு நிறுவனமான லோவி, கொவிட்டை நாடுகள் கையாண்ட விதத்துக்குப் போட்ட பட்டியலில 98 நாட்டுக்குள்ள இலங்கை 10ஆம் இடமாம். அதை முடிவா வைச்சு எழுதலாமோ?

சிவா மாமா: எந்த மாதத்துப் பட்டியல்?

யாழினி: 2021 ஜனவரி

சிவா மாமா: மாப்பிள்ளை வந்து இறங்கின கையோட "சாப்பாடு திறம்" எண்டு சொன்ன மாதிரி. பந்தி அதுக்குப் பிறகெல்லோ போட்டது.

சிவா மாமா: 2020 செப்டெம்பர் முடியேக்க நோயாளர் 3,400க்குக் கிட்ட, சாவு 13. கடைசிக் கணக்கில 670,000க்கு மேல நோயாளர், சாவு 16,800 அளவில. 13க்கும் 16,800க்கும் இடையில என்ன நடந்தது எண்டதுதான் பிள்ளை உன்ர ஒப்படை.

யாழினி: அப்ப 2020 நல்லது, 2021 கூடாது எண்டு ரெண்டாப் பிரிக்கட்டோ?

குகன் அண்ணா: வேண்டாம். அப்பிடிப் பிரிச்சா முதல் பாதியில கிடந்த ஓட்டையள் மறைஞ்சு போகும்.

பவானி சித்தி: ஒரு அட்டவணை போடு. ஒரு நிரலில துறைசார் ஆக்கள் ஆலோசனை சொன்ன நாள். மற்றதில அரசாங்கம் செய்த நாள். இடைவெளியை எண்ணு. 2020 மார்ச்சில அந்த இடைவெளி நாள் கணக்கு. பிறகு கிழமை, மாதம். புள்ளி போடுறதெண்டா அதுக்குப் போடு.

சிவா மாமா: அது சரி. மார்ச் வரிசையைத் தாறன். ஜனவரி 27 முதல் நோயாளி, சீனாவிலயிருந்து வந்த பெண், அங்கொடை ஐடிஎச் தொற்றுநோய் ஆஸ்பத்திரியில சுகமாகிப் போனவ. மார்ச் 10 புனானையில தனிமைப்படுத்தல் நிலையம். அடுத்த நாள் நாட்டுக்குள்ள முதல் தொற்று, சுற்றுலா வழிகாட்டி. மூண்டாம் கிழமை விமான நிலையம் பூட்டு. 20ஆம் திகதி பின்னேரம் 6 மணிக்கு ஊரடங்கு. பத்து நாளுக்குள்ள முடிஞ்ச அலுவல்.

சிவா மாமா: ஆனா ஊரடங்கை மட்டும் புகழாத. வேலை செய்தது பிஎச்ஐமாரும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) எம்ஓஎச் கந்தோரும் (சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை). ஒருத்தருக்கு பொசிடிவ் எண்டா முதல் வட்டத் தொடர்பாளர் பட்டியல் அண்டைக்கே எடுக்கோணும், 14 நாள் வீட்டில வைக்கோணும், படலையில அறிவித்தல் ஒட்டோணும், ஒவ்வொரு நாளும் போய்ப் பார்க்கோணும். டெங்குக்கும் காசத்துக்கும் இருந்த அதே வலை. புதுசா ஒண்டும் கண்டுபிடிக்கேல்லை.

யாழினி: பிறகேன் அந்த வலை அறுந்தது?

சிவா மாமா: வீட்டுக்கு வீடு வாற நோய்க்குப் பின்னின வலை அது. 2020 ஒக்டோபர் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலைக் கொத்தணி ஒரு கிழமைக்குள்ள 1,000ஐத் தாண்டிச்சுது. அடையாள அட்டையில ஊர் விலாசம், ஆள் இருக்கிறது போடிங் அறையில. அப்ப பட்டியல் எந்த பிஎச்ஐக்குப் போகோணும்? அது தீர முன்னம் பேலியகொடை மீன் சந்தை. லொறியோட தொற்றும் தீவு முழுக்கப் போட்டுது. ஏப்ரலில வெலிசறைக் கடற்படை முகாமில நூற்றுக்கணக்கில பிடிச்சது அதுக்கு முன்னெச்சரிக்கை. ஒரு கூரைக்குக் கீழ கன பேர் படுக்கிற இடங்களுக்கு வேற திட்டம் வேணும் எண்டது அண்டைக்கே தெரிஞ்சது.

மலர் பெரியம்மா: பாணியையும் எழுது பிள்ளை 😄

யாழினி: என்ன பாணி பெரியம்மா?

மலர் பெரியம்மா: 2020 டிசம்பர், கொவிட்டுக்கு மருந்தெண்டு குடுத்த கேகாலை நாட்டு மருந்துப் பாணி. வாங்க ஊரே திரண்டது. சுகாதார அமைச்சரும் கமராவுக்கு முன்னால குடிச்சுக் காட்டினவ. அடுத்த மாதம் அவவுக்கே தொற்று.

குகன் அண்ணா: அதை ஒரு வரியோட விடு. சட்டத்தைப் பார். 2020 மார்ச் 2 பாராளுமன்றம் கலைஞ்சது, தேர்தல் ஓகஸ்ட் 5. இடையில அஞ்சு மாதம் கேள்வி கேட்க சபை இல்லை. மார்ச் ஊரடங்குக்கு வர்த்தமானி அறிவித்தல் இல்லை, ஆனா அதை மீறினதெண்டு 60,000 பேருக்கு மேல கைது. கையில இருந்த சட்டம் 1897ஆம் ஆண்டுத் தனிமைப்படுத்தல் கட்டளைச் சட்டம். முகக்கவசத்தையும் ஒரு மீற்றர் இடைவெளியையும் அதுக்குக் கீழ வர்த்தமானியில போட்டது 2020 ஒக்டோபர் 15. முதல் அலை முடிஞ்சு ரெண்டாவது தொடங்கினாப் பிறகு!

யாழினி: நல்லா வேலை செய்த ஊரடங்குக்கு வர்த்தமானி இல்லாட்டி என்ன எண்டு விரிவுரையாளர் கேட்பார்

குகன் அண்ணா: நியூசிலாந்தைக் காட்டு. அதுவும் தீவு. அங்க முதல் 9 நாள் முடக்கத்துக்குச் சட்ட அடிப்படை காணாது எண்டு அங்கத்தை மேல் நீதிமன்றமே 2020 ஓகஸ்ட்டில சொன்னது. முடக்கம் தேவையானது, நியாயமானது எண்டும் அதே தீர்ப்பில சொன்னது. அரசாங்கம் அதுக்கு முன்னமே, மே மாதம், தனிச்சட்டம் கொண்டு வந்திட்டுது. நோயைத் தடுத்ததும் சட்டப்படி நடந்ததும் ரெண்டு கேள்வி. ரெண்டுக்கும் தனித்தனியாப் புள்ளி போடு.

பவானி சித்தி: தடுப்பூசிக்கு வாறன். இது வெறும் கழித்தல் கணக்கு. கோவிஷீல்ட் (இந்தியாவில செய்த அஸ்ட்ராசெனகா ஊசி) முதல் 500,000, இந்தியா அன்பளிப்பு, 2021 ஜனவரி 28 வந்தது, அடுத்த நாளே ஏற்றத் தொடங்கினவை. பிறகு விலைக்கு 500,000. நாடுகளுக்கு ஊசி பகிர்ந்த கோவாக்ஸ் திட்டத்தால 264,000. மொத்தம் 1,264,000. முதல் ஊசி போட்டது 925,000 பேருக்கு. மிச்சம்?

யாழினி: 339,000

பவானி சித்தி: ரெண்டாம் ஊசி வேண்டியதும் 925,000. துண்டு விழுந்தது ஏறத்தாழ 586,000. அடுத்த கப்பல் வந்திடும் எண்ட நம்பிக்கையில பாதியை ஒதுக்கி வைக்கேல்லை. இந்தியா ஏற்றுமதியை நிற்பாட்டிச்சுது. ஜப்பான் அனுப்பின அஸ்ட்ராசெனகா ஊசி ஜூலைக் கடைசியிலதான் வரத் தொடங்கிச்சுது. 12 கிழமை இடைவெளி கன பேருக்குத் தாண்டிப் போட்டுது.

மலர் பெரியம்மா: அதைவிடப் பெரிய பிழை வரிசை. வயசுபோன ஆக்களுக்கு முதல் எண்டுதான் கன நாடுகளில செய்தது. இங்க 2021 பெப்ரவரியில மேல் மாகாணத்தில 30 தொடக்கம் 60 வயசுக்காரருக்கு முன்னுரிமை. வேலைக்குப் போறவை பரப்பீனம் எண்டது காரணம். ஆனா வாட்டில செத்துக்கொண்டிருந்தது 60க்கு மேல.

சிவா மாமா: நல்லதையும் சொல்லோணும். சீனாவின்ர சினோபார்ம் ஊசி வரத் தொடங்கினாப் பிறகு ஓட்டம் திறம். 2021 செப்டெம்பர் முடியேக்க சனத்தொகையில பாதிக்கு மேல ரெண்டு ஊசியும் போட்டாச்சு. பிள்ளையளுக்கு முக்கூட்டு ஊசி போட்டுப் பழகின எம்ஓஎச் கட்டமைப்பு இருந்தபடியால ஏலுமாச்சு.

யாழினி: டெல்டா அலை?

சிவா மாமா: 2021 ஓகஸ்ட் முதல் பாதியிலயே மருத்துவர் சங்கங்கள் பூட்டச் சொல்லிக் கேட்டிச்சினம். பொருளாதாரம் தாங்காது எண்டு இழுத்தவை. மல்வத்தை, அஸ்கிரிய பௌத்த பீடங்களின்ர தலைவர்களான மகாநாயக்கர்மார் கடிதம் எழுதினாப் பிறகு 20ஆம் திகதி இரவு தனிமைப்படுத்தல் ஊரடங்கு. மாதக் கடைசியில ஒரு நாளைக்கு 200க்கு மேல சாவு. அட்டவணையில இந்த வரிக்குச் சிவப்பு அடி.

பவானி சித்தி: சாவை நாள்வாரியா வரைஞ்சா கவனம். அறிக்கையில இருக்கிறது அறிவிச்ச திகதி. 2021 மே, ஜூனில ஒரு நாள் அறிக்கைக்குள்ள கிழமைக்கு முந்தி நடந்த சாவும் கிடக்கும். ரெண்டு திகதியையும் தனி நிரலில போடு, 7 நாள் சராசரி எடு. மற்றது, 2020 மொத்த இறப்பு 2019ஐ விடக் குறைவு. அதைக் காட்டி கொவிட் ஆளைக் காப்பாத்தினது எண்டு எழுதிப் போடாத. தெருவில வாகனமும் இல்லை, மற்றத் தடிமன் காய்ச்சலும் பரவேல்லை.

யாழினி: 😂 சரி சித்தி. கொவிட்டில செத்த ஆக்களைக் கட்டாயமா எரிச்ச விசயம் எங்க வரும்? மனித உரிமை எண்டு தனி அத்தியாயமோ?

குகன் அண்ணா: இல்லை. அதே அட்டவணையில ஒரு வரி. பார்:
உலக சுகாதார நிறுவனம், புதைக்கவும் ஏலும் எரிக்கவும் ஏலும்: 2020 மார்ச்
வர்த்தமானி, கட்டாய எரிப்பு, 800 முதல் 1,200 பாகை செல்சியஸ், 45 நிமிசம் தொடக்கம் ஒரு மணித்தியாலம்: ஏப்ரல் 11
உயர் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளினது: டிசம்பர் 1
பேராசிரியர் ஜெனிபர் பெரேரா தலைமையிலான நிபுணர் குழு, புதைக்கலாம்: டிசம்பர் 28
புதைக்க அனுமதிச்ச வர்த்தமானி: 2021 பெப்ரவரி 25

யாழினி: குழு சொல்லியும் 59 நாள்!

குகன் அண்ணா: அதுவும் பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் வந்து போன அடுத்த நாள். குழு சொல்ல முன்னம், டிசம்பர் 9, 20 நாள் குழந்தையையும் எரிச்சவை. நிலத்தடி நீர் கெட்டுப் போகும் எண்டது சொன்ன காரணம், ஆதாரம் இல்லை. முஸ்லிம் குடும்பங்கள் எரிக்கிற சவப்பெட்டிக்குக் காசு கட்ட மாட்டம் எண்டு மறுத்ததை விளங்கிக்கொண்டு எழுது.

மலர் பெரியம்மா: இரணைதீவை விட்டிட்டாய் தம்பி.

குகன் அண்ணா: ஓம் பெரியம்மா. அனுமதி குடுத்தாப் பிறகும் முதல் காட்டின இடம் கிளிநொச்சி மாவட்டத்தைச் சேர்ந்த இரணைதீவு. அங்கத்தைச் சனம் எதிர்த்தது. மார்ச் 5இலயிருந்து மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடி. கொழும்பில செத்தாலும் ஜனாஸா (உடல்) 250 கிலோமீற்றருக்கு மேல போகோணும். வேற இடங்களில அடக்கம் செய்ய விட்டது அதுக்கும் ஒரு வருசம் கழிச்சு. 2024 ஜூலையில அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

சிவா மாமா: இதால நோய்த்தடுப்பும் கெட்டது பிள்ளை. எரிச்சுப் போடுவினம் எண்ட பயத்தில ஆக்கள் ஆஸ்பத்திரிக்குப் பிந்தி வந்தவை, தொடர்பாளர் பெயரை ஒளிச்சவை. பட்டியல் பிழைச்சா பிஎச்ஐயின்ர வேலை முழுக்கப் பிழை. அந்த வரிக்குப் பக்கத்தில இதையும் போடு.

யாழினி: அப்ப லோவியை என்ன செய்யிறது?

பவானி சித்தி: முதல் பந்தியில வை. 2021 ஜனவரி எண்டு திகதியோட.

யாழினி: சரி. இண்டைக்கு இரவு அட்டவணையை இங்க போடுறன், பார்த்துத் திருத்தி விடுங்கோ. நாளைக்குக் குடுக்கோணும்.

சிவா மாமா: நாளைக்கோ???

மலர் பெரியம்மா: ஆலோசனை கேட்ட நாள் வியாழன், குடுக்கிற நாள் வெள்ளி. இவளையும் அட்டவணையில போடுங்கோ.