முதல் கோ-ஒப் தவணைக்குச் சிறிய நிறுவனத்தை ஏற்கலாமா?

கேள்வி: ஸ்காபரோவிலிருந்து ஒரு தாய்

என் மகள் ஒண்டாரியோவிலுள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் கணினிப் பொறியியல் முதலாம் ஆண்டு படிக்கிறாள். வரும் மே மாதம் அவளுடைய முதல் கோ-ஒப் வேலைத் தவணை, அதாவது படிப்பின் ஒரு பகுதியாக ஒரு நிறுவனத்தில் வேலை செய்யும் நான்கு மாதங்கள், தொடங்குகிறது. ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களுக்கு விண்ணப்பித்தும் மூன்று நேர்முகத் தேர்வுகளுக்கே அழைப்பு வந்தது. இப்போது கையில் இருப்பது, பொதியிடும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் சிறிய நிறுவனமொன்றில் உதிரிப்பாகங்களின் கணக்கைக் கணினியில் ஒழுங்குபடுத்தும் வேலை மட்டுமே. மென்பொருள் நிறுவனங்களில் இடம் கிடைத்த தோழிகளைப் பார்த்து அவள் சோர்ந்துபோயிருக்கிறாள். தொடக்கநிலை வேலைகளையே செயற்கை நுண்ணறிவு மாற்றிவரும் காலத்தில், இந்த நான்கு மாதங்கள் அவளுக்குப் பயன்படுமா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: முன்னாள் கோ-ஒப் மாணவன்

அக்கா, ஏற்கச் சொல்லுங்கள். என் முதல் தவணை ஒரு களஞ்சியசாலையில் கழிந்தது. பட்டியலில் 12 என்றிருந்த பொருள் தட்டில் 9 மட்டுமே இருந்ததற்குக் கணினி நிரலில் பிழை தேடிக்கொண்டிருந்தேன். இரவு வேலைக்காரர்கள் அவசரத்துக்கு எடுத்துவிட்டுக் குறித்துவைக்க மறந்துவிடுகிறார்கள் என்பதை அவர்களுடன் இருந்து தேநீர் குடித்தபோதுதான் அறிந்தேன். அடுத்த தவணைக்கான நேர்முகத் தேர்வில் என்னிடம் அதிக நேரம் கேட்கப்பட்டது இதைப் பற்றித்தான். நிரலை எழுதித்தர இன்று கருவிகள் உள்ளன. எதை எழுத வேண்டும் என்பதை ஆட்களிடம் கேட்டறியும் பழக்கம் வகுப்பறையில் எனக்கு வரவில்லை.

பதில் 2: மாணவர்களை மேற்பார்வை செய்பவர்

தம்பி சொல்வது சரி, ஆனால் ஒரு நிபந்தனையுடன். மேற்பார்வைக்கு ஆள் இல்லாத இடத்தில் நான்கு மாதங்களும் தரவுப்பதிவிலேயே போய்விடும். அப்படிப் போனதாக என்னிடம் வந்த மாணவர்கள் சிலர் வருந்தியிருக்கிறார்கள். ஆகவே யாருக்குக் கீழ் வேலை, அவர் கிழமைக்கு ஒருமுறையாவது வேலையைப் பார்த்துக் கருத்துச் சொல்வாரா, இறுதியில் எதை முடித்துக்கொடுக்க வேண்டும் என்று மகள் தயங்காமல் கேட்கட்டும்.

பதில் 3: ஓய்வுபெற்ற விரிவுரையாளர்

அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பொறியியல் பேராசிரியர் 1906இல் 27 மாணவர்களுடன் கோ-ஒப் முறையைத் தொடங்கியபோது, அவர்கள் ஒரு வாரம் வகுப்பிலும் மறுவாரம் தொழிற்சாலையிலுமாக மாறி மாறி இருந்தார்கள். பொறியியலின் ஒரு பகுதியைத் தொழில் நடக்கும் இடத்தில்தான் கற்க முடியும் என்பது அவருடைய உறுதியான எண்ணம். கனடாவில் 1957இல் வாட்டர்லூ பல்கலைக்கழகம் இம்முறையுடனேயே பொறியியல் வகுப்புகளைத் தொடங்கியது. பட்டறையில் தொடங்கிய முறை இது, அம்மா. ஆகவே பழுதுபார்க்கும் இடமொன்றைத் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. நாள்தோறும் ஒரு பக்கம் குறிப்பெழுதச் சொல்லுங்கள். வேலை அறிக்கை எழுதும்போது மட்டும் நினைவுபடுத்திப் பார்க்கிற மாணவர்கள் பாதியை இழந்துவிடுகிறார்கள்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நேற்று மகள் தானே தொலைபேசியில் கேட்டாள். மூத்த தொழில்நுட்பவியலாளர் ஒருவருடன் இருந்து வேலை செய்யலாம் என்றும், வாடிக்கையாளர் தொழிற்சாலைகளுக்கும் கூட்டிச்செல்வார்கள் என்றும் சொன்னார்களாம். இன்று காலை சம்மதம் அனுப்பிவிட்டாள்.