பசையா, களிம்பா, விழுதா?

வணக்கம்.

சுற்றுப் பலகை (சர்க்யூட் போர்டு) தயாரிப்பவர்கள் எந்த சால்டரிங் இயந்திரம் வாங்கலாம் என்று சொல்லும் கையேட்டுக்காக நீங்கள் முன்வைத்திருக்கும் தமிழ்ச் சொற்களைப் பார்த்தேன். சால்டருக்குப் 'பற்றாசு' என்பதில் எனக்கு மறுப்பில்லை. நம்மிடம் முன்பே இருக்கிற சொல். 'பற்றவைப்பு' வெல்டிங்குக்கே இருக்கட்டும். அங்கே இணைகிற உலோகமே உருகுகிறது. இங்கே செம்பு உருகுவதில்லை, இடையிலுள்ள பற்றாசு மட்டும் உருகிப் பிடித்துக்கொள்கிறது.

என் சிக்கல் சால்டர் பேஸ்ட்தான். 'பற்றாசுப் பசை' என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதே வேலையில் நிஜப் பசையும் உண்டே! பலகையின் அடிப்பக்கத்துச் சின்ன உறுப்புகள் உருகிய பற்றாசு அலையின் மேல் போகும்போது விழாமலிருக்க, முன்கூட்டியே ஒட்டிவைப்பது அது. பசை சூட்டில் இறுகும், பேஸ்ட் சூட்டில் உருகும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் படிப்பவர் பாடு திண்டாட்டம்.

'களிம்பு' எனக்கு முதலில் பிடித்திருந்தது. அப்புறம்தான் உறைத்தது: செம்பில் ஏறுகிற பச்சையும் களிம்புதான். களிம்பு ஏறிய செம்பில் பற்றாசு பிடிக்காது. உறுப்புகள் உட்காரும் இடங்களைச் சொல்ல 'செம்புத் திட்டுகளில் களிம்பை இடுக' என்று எழுதினால் சிரிப்பார்கள்.

அதனால் 'பற்றாசு விழுது' என்கிறேன். பொருளைப் பாருங்கள்: மாவு போன்ற உலோகத் துகள், அதைக் குழைக்க இளக்கி (ஃபிளக்ஸ்). எடையில் ஏறக்குறைய 90 விழுக்காடு உலோகம். துளைத்தகட்டை (ஸ்டென்சில்) பலகை மேல் வைத்து விழுதை வழித்தால் ஒவ்வொரு திட்டிலும் சின்னக் குவியலாக நிற்கும். அதன் மேல் உறுப்பை வைத்து உலைக்குள் அனுப்புகிறார்கள்.

அந்த உலைக்கு (ரீஃப்ளோ) 'மறுபாய்வு' வேண்டாம், ஆற்றுநீர் நினைவுதான் வருகிறது. ஒருமுறை உருக்கித் துகளாக்கியதை இங்கே மறுபடி உருக்குகிறோம், ஆகவே 'மீளுருக்கு உலை'. 'உலைப்பற்றாசு' என்றால், உருகிய பற்றாசு அலையின் மேல் பலகையை ஓட்டும் 'அலைப்பற்றாசு'க்கு (வேவ் சால்டரிங்) எதுகையாக அழகாகத்தான் இருக்கும். ஆனால் வெப்பக்காற்றை ஊதியும் இதே வேலையைச் செய்கிறார்களே, அங்கே உலை ஏது?

அலைப்பற்றாசு அப்படியே இருக்கட்டும். கால்களைத் துளையில் செருகும் உறுப்புகள் நிறைய இருந்தால் அந்த இயந்திரம், துளையில்லாமல் பலகையின் மேலேயே உட்காரும் மேற்பரப்பு உறுப்புகள் என்றால் மீளுருக்கு உலை. மேற்பரப்புப் பலகையில் நாலைந்து இணைப்பிகள் மட்டும் துளையில் நிற்கின்றன என்றால், சிறு மூக்கு வழியாக அந்தந்த இடத்துக்கு மட்டும் பற்றாசு ஊட்டும் மூன்றாவது வகை. இதை (செலக்டிவ் சால்டரிங்) 'தெரிவுப் பற்றாசு' என்றால் வேண்டுமானால் செய்துகொள்ளலாம் என்பது போல் தொனிக்கிறது. 'இடக்குறிப் பற்றாசு' எப்படி?

அப்புறம், லெட்-ஃப்ரீ சால்டருக்கு 'ஈயமற்ற பற்றாசு' தவறு, கட்டாயம் மாற்றுங்கள். வெள்ளீயமும் ஈயம்தான், காரீயமும் ஈயம்தான். பரவலாகப் புழங்கும் சாக் 305 (SAC305) என்ற லெட்-ஃப்ரீ கலவையில் 96.5 விழுக்காடு வெள்ளீயம், 3 வெள்ளி, 0.5 செம்பு. அதைப் போய் ஈயமற்றது என்றால்? 'காரீயமற்ற' என்றே எழுத வேண்டும். வாங்குபவருக்கும் இது முக்கியம்: 63/37 வெள்ளீய-காரீயக் கலவை 183 பாகை செல்சியஸில் உருகும், சாக் 305 உருகத் தொடங்கவே 217 பாகை வேண்டும். பழைய உலை அந்தச் சூட்டைத் தாங்குமா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

'இளக்கி' மட்டும் நெருடுகிறது. உலோகவியல் பாடநூலில் ஃபிளக்ஸுக்கு அதுதான் சொல், ஆனால் இங்கே அது எதையும் இளக்குவதில்லை. செம்பின் மேல் படிந்த ஆக்சைடை அரித்து எடுக்கிறது. 'துப்புரவி' என்று யோசித்தேன், நாக்கில் ஒட்டவில்லை. வேறு யாரிடமாவது சொல் இருக்கிறதா?