லேசர் கற்றையின் தரம் பிளாஸ்மா எலக்ட்ரான் முடுக்கத்தை எவ்வளவு பாதிக்கும்?

கேள்வி:
வணக்கம். லேசர் துடிப்பு தன் பின்னால் எழுப்பும் பிளாஸ்மா அலையில் எலக்ட்ரான்கள் முடுக்கம் பெறுவதைக் கணினி உருவகப்படுத்தல் வழியே படித்து வருகிறேன். அதில் நான் இடுவது பழுதில்லாத காஸியன் கற்றை, அதாவது நடுவில் செறிந்து ஓரம் நோக்கிச் சீராக மங்கும் கற்றை; ஆய்வகக் கற்றை அப்படி இருப்பதில்லை. ஆனால் போதிய திறனுள்ள துடிப்பைப் பிளாஸ்மாவே குவித்து இறுக்கிக்கொள்ளும் என்கிறார்கள். அப்படியானால், உள்ளே வரும் கற்றையின் குறைகளும் தாமாகவே சரியாகிவிடாதா?

மறுமொழி 1:
ஓரளவுக்குத்தான் சரியாகும். லேசர் அதிர்வெண்ணைப் பிளாஸ்மா அதிர்வெண்ணால் வகுத்து, அதன் வர்க்கத்தை 17 கிகாவாட்டால் பெருக்கினால் தற்குவியத்துக்கான, அதாவது பிளாஸ்மாவில் துடிப்பு தானே குவிவதற்கான, திறன் வரம்பு கிடைக்கும். 800 நானோமீட்டர் லேசருக்கு, கன சென்டிமீட்டருக்கு 5 × 10¹⁸ எலக்ட்ரான் அடர்த்தியில் அது ஏறத்தாழ 6 டெராவாட். 1 ஜூல் ஆற்றலை 30 ஃபெம்டோ நொடியில் தரும் துடிப்பின் உச்சத்திறன் 30 டெராவாட்டுக்குச் சற்று மேல் என்பதால், ஏட்டுக்கணக்கில் வரம்பைப் போல ஐந்து மடங்கு இருக்கிறது. ஆனால் குவியத்தின் நடுப்பொட்டில் பாதி ஆற்றல் மட்டுமே சேர்ந்து, மீதி சுற்றியுள்ள வளையங்களில் சிதறினால், அலையை எழுப்புவது அந்தப் பாதிதான். சிதறிய பாதியும் தீங்கற்றதன்று. பிளாஸ்மா நிரம்பிய நுண்குழாயினுள் முடுக்கும்போது அது குழாயின் வாயையே அரித்துவிடக்கூடும். 2014இல் பெர்க்லி ஆய்வகம் 9 சென்டிமீட்டர் நுண்குழாயில் 4.2 கிகா எலக்ட்ரான் வோல்ட்டை எட்டியபோது, குவிப்பதற்கு முன் கற்றையின் குறுக்கே செறிவு எப்படிப் பரவியிருந்தது என்பது முடிவை வெகுவாக மாற்றும் என்று உருவகப்படுத்தலோடு ஒப்பிட்டுக் காட்டினார்கள்.

மறுமொழி 2:
ஆற்றல் இழப்பைவிடச் சமச்சீர்க் குலைவுதான் எனக்குப் பெரிய கவலை. அலைமுகத்தில், அதாவது ஒளியலையின் முகப்பு வடிவத்தில், கோமா பிறழ்ச்சி (பொட்டை வால்மீன் போல ஒரு பக்கம் இழுக்கும் பிழை) இருந்தால் பொட்டின் ஒரு பக்கம் கனத்து, துடிப்பு எலக்ட்ரான்களை விலக்கி உண்டாக்கும் பிளாஸ்மாக் குமிழியும் கோணிவிடுகிறது; அதில் அகப்பட்ட எலக்ட்ரான்கள் அச்சுக்குக் குறுக்கே ஊசலாடத் தொடங்க, கற்றை அகன்று விரிகிறது. துடிப்பின் கால அளவைச் சுருக்கும் கீற்றணிகள் (நுண்கோடுகள் வரைந்த தகடுகள்) இம்மியளவு இணை பிசகினாலும் துடிப்பின் முன்முகம் சாய்ந்து, எலக்ட்ரான் கற்றை திசை மாறிவிடும். குவியப் பொட்டின் படம் வட்டமாகத் தெரிவதால் மட்டும் இந்தச் சாய்வு இல்லை என்று சொல்லிவிட முடியாது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. வளைந்து கொடுக்கும் ஆடியால் அலைமுகத்தைத் திருத்திவிட்டால் போதுமா?

மறுமொழி 3:
அது இன்றியமையாதது, ஆனால் ஒருமுறை திருத்திவிட்டு விட்டுவிட முடியாது. குறைந்த திறனில் அளந்த அலைமுகம், முழுத்திறனில் கீற்றணிகள் சூடேறியதும் மாறிவிடுகிறது. 2020இல் ஹாம்பர்க்கின் லக்ஸ் என்ற லேசர்-பிளாஸ்மா முடுக்கியை ஒரு நாளுக்கும் மேலாக இயக்கி, ஏறத்தாழ 1,00,000 எலக்ட்ரான் கற்றைகளைப் பதிவு செய்தவர்கள், ஆற்றல் ஏற்ற இறக்கத்தின் பெரும்பகுதியை லேசரின் சிறு நகர்வுகளோடு பொருத்திக் காட்டினார்கள். உங்கள் வேலைக்கு நான் சொல்வது இதுதான்: குவியத்திலும் அதற்கு முன்னும் பின்னும் செறிவுப் படங்களை வாங்கி, அவற்றிலிருந்து ஒளியலையின் கட்டத்தை (phase) மீட்டெடுத்து, காஸியனுக்குப் பதிலாக அந்தக் கற்றையையே உருவகப்படுத்தலில் இடுங்கள்.