ஓட்டு கேட்டு வருகிறவர்களிடம் தன்பாலீர்ப்பு பற்றிக் கேட்டால் என்ன நடக்கிறது? – அனுபவப் பகிர்வு

பூவரசு:
வாசலுக்கு வந்த வேட்பாளரிடமோ, கட்சி அலுவலகத்திலோ, செய்திச் சேனலிடமோ தன்பாலீர்ப்பாளர் உரிமை பற்றிக் கேட்டவர்கள் இங்கே எழுதுங்கள். என்ன கேள்வி, என்ன பதில், எங்கே சறுக்கியது, அடுத்து என்ன செய்யலாம். அவ்வளவு போதும். சொந்தக் கதை வேண்டாம், யாரையும் அடையாளம் காட்டவும் வேண்டாம். முற்போக்கு பேசும் கட்சிகளுக்கே தொடர்ந்து ஓட்டுப் போட்டுவிட்டு, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்கள் வாய் மூடுவதைப் பார்த்து நொந்துபோனவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். அதனால்தான் இந்தத் திரி.

தெற்கு வாசல்:
எந்தக் கட்சியாக இருந்தாலும் முதல் பதில் ஒன்றுதான்: "திருநங்கைகளுக்கு நாங்க எவ்வளவு செஞ்சிருக்கோம் தெரியுமா?" செய்தது உண்மைதான். 2008-இல் தமிழ்நாட்டில் திருநங்கைகள் நலவாரியம் வந்தது. திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமைக்கான தனிநபர் மசோதா (அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவருவது) 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. தனிநபர் மசோதா ஒன்று ஓர் அவையைத் தாண்டுவதே அபூர்வம். ஆனால் கேட்ட கேள்வி அது இல்லையே. ஒரு ஆணும் ஆணும், ஒரு பெண்ணும் பெண்ணும் சேர்ந்து வாழ்வதைப் பற்றிக் கேட்டால், திருநங்கைகளை முன்னால் நிறுத்திப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள்.

வேட்பாளர் ஒரு வாசலில் நிற்பது அரை நிமிடம்தான். ஆரத்தித் தட்டு ஒரு பக்கம், துண்டறிக்கைக் கட்டு ஒரு பக்கம், "அண்ணே, அடுத்த தெரு" என்று முழங்கையைப் பிடித்து இழுக்கும் ஒன்றியச் செயலாளர் இன்னொரு பக்கம். அந்த அரை நிமிடத்தில் எந்தச் சொல்லைப் போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

"எல்ஜிபிடி" என்றால் அவர் காதில் திருநங்கை என்றுதான் விழும். "பால்புதுமையர்" என்பது "குயர்" என்பதற்கு அரசு ஏற்ற சொல், நல்ல சொல், ஆனால் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது; விளக்குவதற்குள் அவர் போய்விடுவார். "எங்களுக்கும் உரிமை வேணும்" என்றால் "எல்லாருக்கும் உரிமை உண்டும்மா" என்று கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். ஓரளவு வேலை செய்வது இந்த மாதிரிக் கேள்வி:

"ரெண்டு ஆம்பளைங்க இல்ல ரெண்டு பொம்பளைங்க ஜோடியா வாழ்ந்தா, ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போடவும் வாரிசா இருக்கவும் சட்டம் வேணும். சட்டமன்றத்துல பேசுவீங்களா, மாட்டீங்களா?"

இதற்குத் திருநங்கைகளைக் காட்டிப் பதில் சொல்ல முடியாது. பேசுவேன், மாட்டேன், பார்க்கலாம் – இந்த மூன்றில் ஒன்றுதான் வரும். "பார்க்கலாம்" வந்தால் அவர் எண்ணை வாங்காதீர்கள், உதவியாளர் எண்ணை வாங்குங்கள். போனை எடுப்பது உதவியாளர்தான்.

ஒரு எச்சரிக்கை. வீட்டில் தெரியாதவர்கள் சொந்த வாசலில் வைத்துக் கேட்க வேண்டாம். நாலு வீடு தள்ளி நிற்கிறவர்களும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இதே கேள்வியைத் தொகுதி அலுவலகத்துக்குக் கடிதமாக அனுப்பலாம்.

சட்டப்புள்ளி:
இரண்டாவது பதிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: "அது டெல்லி பாத்துக்க வேண்டிய விஷயம்." இது தவறு. அப்படிச் சொல்பவருக்கும் அது தெரியும்.

திருமணம், தத்து, உயில், வாரிசுரிமை எல்லாம் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் பொதுப்பட்டியலின் 5-ஆவது இனத்தில் இருக்கின்றன. மாநிலமும் சட்டம் இயற்றலாம். ஒன்றியச் சட்டத்தோடு மோதினால் 254(2)-இன்படி குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேண்டும், அவ்வளவுதான். தமிழ்நாடு இதைச் செய்தே காட்டியிருக்கிறது. அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்துச் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு கொடுத்தார்கள். ஐயர் வேண்டாம், அக்னி வேண்டாம், மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் போதும். 1989-இல் மகள்களுக்குச் சொத்தில் சம பங்கு கொடுத்தார்கள். ஒன்றியச் சட்டம் அதே இடத்துக்கு வர 2005 ஆனது. டெல்லிக்குப் பதினாறு ஆண்டு முன்னால் நடந்த மாநிலம் இன்று டெல்லியைக் கைகாட்டுவதுதான் மனதை உறுத்துகிறது.

திருமணச் சட்டத்தைத் தொடாமலே ஒரு வழியும் இருக்கிறது. சேர்ந்து வாழப் பாதுகாப்புக் கேட்டு இரண்டு பெண்கள் போட்ட சுஷ்மா வழக்கில் 2021 ஜூன் 7 அன்று தீர்ப்பளித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், அதே வழக்கின் தொடர்ச்சியாக 2023 நவம்பரில் "குடும்பப் பிணைப்பு ஆவணம்" என்ற யோசனையை மாநில அரசின் முன் வைத்தார். இரண்டு பேர் பதிவு செய்துகொள்ளும் ஒப்பந்தம். தொந்தரவு, பாகுபாடு இல்லாமல் சேர்ந்து வாழ்வதற்கான பாதுகாப்பு. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, குடும்பம் அமையத் திருமணம் மட்டுமே வழியில்லை என்றும் சொல்லிவிட்டது. "டெல்லி" என்று ஆரம்பித்தால் "அந்த ஆவணத்துக்கு டெல்லி எதற்கு?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அங்கே பேச்சு நின்றுவிடும்.

நாலாவது பெஞ்ச்:
கட்சிகளின் பேச்சை விடுங்கள், கையைப் பாருங்கள்.

தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டப் பிரிவு 377-ஐத் திருத்தும் தனிநபர் மசோதாவை 2015 டிசம்பர் 18 அன்று சசி தரூர் மக்களவையில் அறிமுகம் செய்ய முயன்றார். ஆதரவு 24, எதிர்ப்பு 71. அறிமுகத்துக்கே அனுமதி இல்லை. 2014 தேர்தலில் அவருடைய காங்கிரஸ் மட்டும் வென்றது 44 இடம். மற்ற முற்போக்குக் கட்சிகளையும் சேர்த்தும் 24-தான் என்றால், எத்தனை பேர் அந்த வெள்ளிக்கிழமை அவைக்கே வரவில்லை என்று நீங்களே கணக்குப் போடலாம். 2016 மார்ச்சில் மறுபடி முயன்றபோது ஆதரவு 14-ஆகக் குறைந்தது.

2018-இல் உச்ச நீதிமன்றத்தில் 377 வழக்கு வந்தபோது பாஜக தலைமையிலான ஒன்றிய அரசு, நீதிமன்றத்தின் முடிவுக்கே விடுகிறோம் என்றது. செப்டம்பர் 6 தீர்ப்பில் குற்றம் என்பது போனது. 2023-இல் தன்பாலீர்ப்பு இணையர்களின் திருமண வழக்கு வந்ததும் இதே அரசு, இது நகர்ப்புற மேட்டுக்குடிப் பார்வை என்று பிரமாணப் பத்திரம் போட்டது. மாநிலங்களின் கருத்தைக் கேட்டபோது எதிர்ப்பு தெரிவித்தவை அசாம், ஆந்திரா, ராஜஸ்தான். ஆட்சியில் இருந்தவை முறையே பாஜக, ஒய்எஸ்ஆர் காங்கிரஸ், காங்கிரஸ். 2023-இல் ராஜஸ்தானில் எதிர்த்த அதே காங்கிரஸ், 2024 தேர்தல் அறிக்கையில் தன்பாலீர்ப்பு இணையர்களின் குடிமை இணைவுக்கு (திருமணம் என்ற பெயரில்லாத சட்ட ஏற்பு) சட்டம் கொண்டுவருவோம் என்று எழுதியது. மனம் மாறியிருந்தால் சந்தோஷம். ஆனால் கூடவே "பரந்த ஆலோசனைக்குப் பிறகு" என்று ஒரு ஒட்டு. யாருடன் ஆலோசனை, எத்தனை மாதம் என்று இல்லை. மார்க்சிஸ்ட் கட்சியின் அறிக்கை இதில் தெளிவு: இணையரைச் சார்ந்தவராகப் பதிவது, வாரிசுரிமை, பிரிந்தால் ஜீவனாம்சம் என்று பெயர் சொல்லியே எழுதியிருந்தது.

தேர்தல் அறிக்கை வந்ததும் பிடிஎஃப்பில் "பாலின" என்று தேடுங்கள். வருகிற ஒவ்வொரு வரியிலும் இரண்டு விஷயம் பாருங்கள். தலைப்பில் எல்லாரும் இருந்து, உள்ளே திட்டம் திருநர்களுக்கு மட்டும்தானா? வினைமுற்று "நிறைவேற்றும்" என்று இருக்கிறதா, "பரிசீலிக்கும்" என்று இருக்கிறதா? தமிழ்ப் பிரதியையும் ஆங்கிலப் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

கரிசல்:
மேலே உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. திருநங்கைகளுக்கு எல்லாம் கிடைத்துவிட்டது என்ற தொனி வந்துவிடக் கூடாது. 2019 திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் திருநர் மீதான பாலியல் வன்முறைக்குத் தண்டனை ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுதான். பெண்ணை வன்புணர்ந்தால் குறைந்தது பத்து ஆண்டு. 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 377-க்கு இணையான பிரிவே இல்லை. அதனால் வளர்ந்த ஆண் ஒருவர் வன்புணர்வுக்கு ஆளானால் அதற்கென்று நேரடிப் பிரிவு கிடையாது. நாடாளுமன்ற நிலைக்குழு சொல்லியும் சேர்க்கவில்லை. சட்டத்தில் உள்ள இந்தப் பொத்தல் இரண்டு தரப்பையும் விழுங்குகிறது. ஒருவரைக் காட்டி இன்னொருவரை மறைப்பது அவர்களுக்கு வசதி, நாமும் அதற்கு இடம் கொடுக்க வேண்டாம்.

மூன்றாம் வரிசை:
ஊடகம் பற்றி யாரும் எழுதவில்லை. எனக்கு அரசியல்வாதிகளைவிட இவர்கள்மேல்தான் கோபம்.

ஒரு ஆணை டேட்டிங் செயலி வழியாக வரவழைத்து அடித்துப் பணம் பறித்தால், அது வழிப்பறி. தலைப்பில் வருவதோ "ஓரினச்சேர்க்கை ஆசை" என்று. அடிபட்டவர் குற்றவாளி மாதிரி ஆகிவிடுகிறார், அடித்தவர்கள் கடைசிப் பத்தியில் வருகிறார்கள். இந்தச் சமூகத்தினரை எந்தச் சொற்களால் குறிப்பிட வேண்டும் என்ற சொற்களஞ்சியத்தை 2022-இல் தமிழ்நாடு அரசு அரசிதழிலேயே வெளியிட்டது. "சேர்க்கை" என்ற சொல் ஒரு மனிதரின் வாழ்க்கையை ஒரு செயலாகச் சுருக்குகிறது. ஈர்ப்பு என்பது மனம். இது தெரிந்தும் பழைய சொல்லைப் போடுவது, அதற்குத்தான் கிளிக் விழுகிறது என்பதற்காக.

விவாதத்துக்குக் கூப்பிட்டால் மூன்று விஷயத்தை வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள்: தலைப்பு என்ன, கீழே ஓடும் வரி என்ன, எதிரே யார். ஒருவருக்கு எதிராக மூன்று பேர் என்றால் போகாதீர்கள். முகத்தை மறைத்துப் பேட்டி என்றால் ஒளிபரப்புக்கு முன் காட்டச் சொல்லுங்கள். முகத்தை மட்டும் மங்கலாக்கிவிட்டு, கழுத்தில் தொங்கும் அலுவலகப் பட்டையின் நிறத்தையும் வாசலில் நிற்கும் வண்டி எண்ணையும் அப்படியே விட்டுவிடுவார்கள். குரல் மாற்றமும் தனியாகக் கேட்க வேண்டும், தானாக வராது.

புகார் கொடுக்கிறவர்கள் தவறவிடுவது நாட்களை. தொலைக்காட்சி என்றால் ஒளிபரப்பான ஏழு நாளுக்குள் முதலில் அந்தச் சேனலுக்கே எழுத வேண்டும். பதில் சரியில்லை என்றால்தான் செய்தி ஒளிபரப்பு தர ஆணையமான என்பிடிஎஸ்ஏ. அதில் உறுப்பினராக உள்ள சேனல்களுக்கு மட்டும்தான் அது செல்லும் என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நாளிதழ் என்றால் ஆசிரியருக்கு முதல் கடிதம்; அது தீராவிட்டால் வெளியான இரண்டு மாதத்துக்குள் பத்திரிகை கவுன்சில். கவுன்சில் கண்டிக்கும், அபராதம் போட அதிகாரம் இல்லை. புகாரில் "மனம் புண்பட்டது" என்று மட்டும் எழுதினால் நிற்காது. தேதி, நேரம், எத்தனையாவது நிமிடம், சொன்ன வாக்கியம் சொல்லுக்குச் சொல், அதன் பக்கத்தில் அரசிதழ்ச் சொல். காணொளியை அன்றே இறக்கி வையுங்கள். புகார் போன மறுநாள் அது நீக்கப்பட்டிருக்கும்.

சட்டப்புள்ளி:
காவல்துறை பக்கமும் ஒரு குறிப்பு. 2022-இல் காவலர் நடத்தை விதிகளில் 24-சி சேர்ந்தது. இந்தச் சமூகத்தினரைத் துன்புறுத்தக் கூடாது என்று. விதியின்படி எத்தனை பேர்மேல் நடவடிக்கை, எத்தனை காவலர்களுக்குப் பயிற்சி என்று மாவட்டவாரியாகத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள், அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். எண்ணிக்கையைக் கேளுங்கள். கையில் எண் இருந்தால் சட்டமன்ற உறுப்பினரிடம் பேசுவதே வேறு மாதிரி இருக்கும்.

பூவரசு:
அறிவிப்போடு நின்ற விஷயங்களையும் இப்படிப் பிடிக்கலாம். 2024 ஆகஸ்ட் 28 அன்று ஒன்றிய நிதியமைச்சகம், பால்புதுமையர் இணையர் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும் ஒருவரை ஒருவர் நியமனதாரராகப் போடவும் தடையில்லை என்று தெளிவுபடுத்தியது. ரேஷன் அட்டையில் இணையரை அதே குடும்பமாகக் கருதச் சொல்லி மாநிலங்களுக்கும் கடிதம் போனது. கவுண்டரில் இருப்பவருக்கு அது தெரிந்திருக்கும் என்று நினைக்காதீர்கள், தேதியோடு அச்செடுத்துப் போங்கள். நியமனப் படிவத்தில் உறவுமுறை கேட்டால் "நண்பர்" என்று எழுதலாம். நியமனதாரர் பணத்தை வாங்கி வைத்திருப்பவர்தான், உரிமையாளர் இல்லை. அதனால் உயிலும் வேண்டும். இரண்டு சாட்சிகளின் முன் கையெழுத்து, பதிவு கட்டாயமில்லை, ஆனால் குடும்பத்தினர் எதிர்ப்பார்கள் என்றால் பதிந்துவிடுங்கள்.

அடுத்த முறை வாசலுக்கு வருபவரிடம் பெரிய கேள்விக்கு முன்னால் இந்தச் சின்னக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: "அந்த ரேஷன் கடிதம் நம்ம வட்ட வழங்கல் அலுவலகத்துக்கு வந்திருக்கா?" பதில் என்ன வந்தது என்று தொகுதிப் பெயர் போடாமல் இங்கே எழுதுங்கள்.